மார்பர்க் இளவரசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இவர் முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். கவலைப்படாதே.

உன் மகன் படிக்கப் போயிருக்கும் ஊர் ஜெர்மனியிலுள்ள மார்பர்க் என்று படித்ததும், நம் விடுதிச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த படம் ஞாபகம் வந்தது. மடியில் ரோஜாப்பூ ஏந்திய இளவரசி, புனித எலிசபெத். அவள் உயிர்விட்ட ஊர் அதுதான். அவன் அனுப்பிய போட்டோவில் தெரியும் இரட்டைக் கோபுரக் கோயில், 1235-ல் அவள் கல்லறைமேல் கட்டத் தொடங்கியது.

ஏழைகளுக்கு எடுத்துப்போன ரொட்டி ரோஜாவாக மாறிய கதையைத்தான் சிஸ்டர்கள் நமக்குச் சொன்னார்கள். அது பிற்காலத்தில் சேர்ந்த கதை. அவளுக்குப் புனிதர் பட்டம் தருவதற்கான விசாரணையில் அவளுடைய தோழிகள் சொன்ன சாட்சியம் இருக்கிறது. என்னை உலுக்கியது அதுதான்.

ஹங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ரூவின் மகள். ஜெர்மனியில் துரிங்கியா அரண்மனைக்கு 4 வயதிலேயே வருங்கால மருமகளாக வந்துவிட்டாள், 14 வயதில் அந்நாட்டை ஆண்ட லுட்விக்கோடு கல்யாணம். வார்ட்பர்க் கோட்டைப் பந்தியில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தமும் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பாளாம். குடியானவர்களிடம் அடாவடியாகப் பிடுங்கியது என்றால் வாயில் வைக்கமாட்டாள். விருந்தாளிகளுக்குத் தெரியாமல் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு, சாப்பிடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பாள். பசியோடு எழுந்த நாட்கள் உண்டு. லுட்விக் அதைத் தடுக்கவில்லை. எனக்கு அவரையும் பிடித்துப்போனது.

1226-ல் பெரும் பஞ்சம். கணவர் பேரரசரைப் பார்க்க இத்தாலி போயிருந்தார். களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள். கோட்டைக்குக் கீழே 28 படுக்கையோடு ஆஸ்பத்திரி. அப்புறம் அறுப்புக் காலம் வந்ததும், உழைக்கத் தெம்புள்ளவர்களுக்கெல்லாம் அரிவாளும் சட்டையும் செருப்பும் கொடுத்தாள். செருப்பு எதற்குத் தெரியுமா? அரிதாள் குத்திக் கால் கிழியக்கூடாதாம். ராஜா வீட்டுப் பெண்ணுக்கு அரிதாள் எப்படித் தெரிந்தது?

1227-ல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட லுட்விக், வழியில் காய்ச்சலில் போய்விட்டார். அவளுக்கு வயது 20, வயிற்றில் மூன்றாவது குழந்தை. கோட்டையை விட்டு வெளியேறி, மார்பர்க்கில் ஒரு ஆஸ்பத்திரி தொடங்கி, நோயாளிகளைத் தானே குளிப்பாட்டினாள். அவளுடைய ஞானகுரு கொன்ராட் அவளை அடித்ததையும், கூடவே வளர்ந்த தோழிகளைப் பிரித்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1231 நவம்பரில் இறந்தபோது வயது 24. நம் மகள்களைவிடச் சின்னவள்!

உன் மகனுடைய பல்கலைக்கழகத்தை 1527-ல் தொடங்கிய ஹெஸ்ஸே ஆட்சியாளர் பிலிப், அவள் வம்சத்தவர். புனிதர்களின் எலும்பை வணங்கக்கூடாது என்னும் சீர்திருத்த சபைக்காரரானதால் 1539-ல் அவரே அவளுடைய எலும்புகளைப் பேழையிலிருந்து எடுத்துவிட்டார். பொன் பேழை மட்டும் அங்கே இருக்கிறது.

போன வாரம் தங்கை மகள் கல்யாணம். மூன்று மணிக்குக் கை கழுவப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். "கடைசிப் பந்தி முடியட்டும்மா" என்றார். கூட இருந்த மூவரையும் சேர்த்து உட்காரவைத்து, நானே பரிமாறினேன். ரசம் ஆறிப்போயிருந்தது, சூடுபண்ணச் சொன்னேன்.

மகனுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி