என் முதல் மாணவிக்கு நன்றி

நேற்றிரவு, மாணவர்கள் எழுதித் தந்த கடைசி ஒப்படைக்கும் புள்ளி இட்டுவிட்டேன். ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை. அந்த நிம்மதியோடு எழுதுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழக வளாகங்கள் மூடப்பட்ட பின், இணையவழியில் கற்பிக்க விரிவுரையாளர்களாகிய நாம் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

28 ஆண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்தவன் நான். இணையத்தில் பாடம் நடத்தவும் ஒப்படை வாங்கவும் உதவும் மூடில் (Moodle) மென்பொருள் எங்கள் பல்கலைக்கழகத்தில் முன்பே இருந்தது. பயிற்சிப் பட்டறைகளுக்கும் போயிருக்கிறேன். ஆனாலும் என் பாடப் பக்கத்தை ஒருநாளும் திறந்ததில்லை. சோம்பல் என்று இளையவர்கள் நினைத்திருக்கலாம். அது அச்சம். நான் தடுமாறுவதை மாணவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற அச்சம்.

கணினி நிலையத்துப் போதனாசிரியை ஒருவர் நான் சொல்லாமலே அதை அறிந்துகொண்டார். தொலைபேசியில் ஒரு மணி நேரம் வழிகாட்டிய பின், "சேர், பிள்ளைகளைச் சேர்க்க முன்னர் நான் மாணவியாகச் சேர்கிறேன். எனக்கு ஓர் ஒப்படை தாருங்கள்" என்றார். சங்க இலக்கியத்தில் கடற்கரை நிலமான நெய்தல் திணையின் உரிப்பொருளாகிய இரங்கல் பற்றி எழுதச் சொன்னேன். வெற்றுக் கோப்பு ஒன்றைப் பதிவேற்றியிருந்தாலே என் பயிற்சிக்குப் போதும். இரவு பதினொன்றரைக்கு அரைப் பக்கம் வந்தது. காற்று மாறிய ஓர் இரவில், கடலுக்குப் போன தந்தைக்காகத் தாய் மணலில் நின்றதையும், அரிக்கன் லாம்பின் திரியை அவர் மீண்டும் மீண்டும் தூண்டியதையும் எழுதியிருந்தார். வாசித்தபோது கணினி மறந்துபோயிற்று. பத்துக்கு ஏழு இட்டு, "உரிப்பொருளோடு இன்னும் இணைத்து எழுதுங்கள், பிள்ளை" என்று பின்னூட்டமும் எழுதினேன். மறுநாள் திருத்திய பிரதி வந்திருந்தது! அதன் பிறகுதான் என் மாணவர்களைச் சேர்த்தேன்.

சூம் வசதியைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட்ட, இலங்கையின் கல்வி, ஆய்வு வலையமைப்பான லேர்ன் (LEARN) அமைப்பினர், பல்கலைக்கழகத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றிப் பார்க்கவிட்ட தொலைபேசி நிறுவனங்கள், காணொளி தங்கள் ஊரில் இறங்காது என்று சொல்லி ஒலிப்பதிவு கேட்ட மாணவர்கள், 2002இல் மூடிலை வெளியிட்டு எவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்ட மார்ட்டின் டூகியாமஸ், எல்லோருக்கும் என் நன்றி.

எங்கள் துறையில் இன்னும் இருவர் பாடப் பக்கத்தைத் திறக்கவில்லை. அவர்களை இனிப் பட்டறைக்குப் போகச் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை இருவருடைய பாடத்திலும் மாணவனாகச் சேர்கிறேன். ஒப்படையை அன்றிரவே எழுதிக் கொடுப்பேன்.