யானை வந்தால்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் கேரள எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் ஊரான புளியரையின் பெயர் மூன்று காரணங்களுக்காக வரும். சோதனைச் சாவடியில் எதையாவது பிடித்திருப்பார்கள். எஸ் வளைவில் லாரி படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். இல்லையென்றால் யானை இறங்கி யாருடைய வாழையையாவது முறித்துப் போட்டிருக்கும். நாற்பது வருஷமாகப் பத்திரிகை வாங்குகிறேன், நான்காவது காரணம் ஒன்றைப் பார்த்ததில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையும்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கழுதுருட்டியில், எனக்கு ஒரு சினேகிதி. செங்கோட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சு. பத்தொன்பது வயதில் அவளை அங்கே கட்டிக்கொடுத்தார்கள். பதிமூணு கண் ரயில் பாலம் அவள் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும். ஐம்பது வருஷம் ஆகப் போகிறது, நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் உப்புக்குப் பெறாத சங்கதிகள்தான். பிச்சி மொட்டு விட்டதா, கோழி அடைக்கு உட்கார்ந்ததா, அத்தானுக்கு இருமல் நின்றதா, பேரனுக்கு எந்தப் பல் விழுந்தது. இதைக் கேட்காவிட்டால் எனக்குக் காலைக் காப்பி இறங்காது.

முதலில் இன்லேண்டு லெட்டர். மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவாள். அப்புறம் 1904-ல் போட்ட அந்த மீட்டர்கேஜ் ரயில், எங்களுக்கு அது ஓசித் தபால். தெரிந்தவர்கள் யாராவது ஏறினால் ஒரு பையைக் கொடுத்துவிடுவேன். இங்கிருந்து கேந்திப்பூ, முருங்கைக்காய் போகும். அங்கிருந்து வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம், காந்தாரி மிளகாய் வரும். 2010-ல் அகலப் பாதைக்காக ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப ஓட 2018 ஆயிற்று. அந்த எட்டு வருஷம் சக்கைப்பழம் பஸ்ஸில்தான் வந்தது, கண்டக்டர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு. இப்போது வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறாள். சக்கையின் மணம் மட்டும் அதில் வருவதில்லை.

எங்கள் இரண்டு ஊரும் ஒரு காலத்தில் ஒரே தாலுகா, திருவிதாங்கூர்காரர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டையை இந்தப் பக்கம் சேர்த்தார்கள், கழுதுருட்டி இருக்கிற ஆரியங்காவு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நான் பிறந்தது அதற்குப் பத்து நாள் முன்னால். “ஒரு ராஜ்ஜியத்தில் பெற்று இன்னொரு ராஜ்ஜியத்தில் தொட்டிலில் போட்டேன், வீடு மட்டும் மாறவில்லை” என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லையில் கோட்டைவாசலில் கோடு போட்டது காட்டு உயிர்களுக்குத் தெரியாது. மழைக்கும் தெரியாது. ஆனி மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் நுழைந்தால் முதலில் நனைவது அவள் வீட்டுக் கொடித்துணி. “ஏளா, இங்க இறங்கியாச்சு, மிளகாயை வாரு” என்று குரல் வரும். வாரி முடிப்பதற்குள் எங்கள் ஓட்டில் சடசடவென்று கேட்கும். இதைவிடச் சரியான வானிலை அறிக்கையை நான் எந்தத் தொலைக்காட்சியிலும் கேட்டதில்லை.

பேச்சில் மலையாளம் கலந்துவிட்டதால் அவள் செய்தியை மற்றவர்கள் கேட்டால் வம்புதான். என் மருமகள் மதுரைப் பெண். ஒருநாள் என் போனை அவள் கையில் கொடுத்து “என்ன அனுப்பியிருக்கிறாள், போடு” என்றேன். “மலையண்ணான் வந்து கொக்கோவை எல்லாம் தொளைச்சுட்டுப் போயிட்டான், இவரு பாத்துக்கிட்டே நிக்காரு.” மருமகள் முகம் மாறிவிட்டது. “அத்தை, சொந்த அண்ணனா இப்படிப் பண்ணுகிறார்?” மலையண்ணான் என்றால் மலை அணில், அம்மா. நம் வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரிசு, செம்பட்டையும் கறுப்புமாக, நீண்ட வாலோடு, தரைக்கு இறங்காமல் மரத்துக்கு மரம் தாவுகிறது. இப்போது என் வீட்டில் யார் பலகாரத்தைத் திருடித் தின்றாலும் மலையண்ணான்தான்.

இந்த வருஷம் தை மாதம் அவள் மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். அதே சமயம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஆஞ்சிலி மரப்பொந்தில் ஓர் இருவாச்சிப் பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் வேழாம்பல் என்பார்கள். பெரிய சாதி இருவாச்சிதான் கேரளத்தின் மாநிலப் பறவை, இது சின்ன சாம்பல் சாதி. உள்ளே போனதும் பொந்து வாயைப் பூசி அடைத்துவிட்டு அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். சிறகு உதிர்த்து, முட்டையிட்டு, குஞ்சு வளர்கிற வரை ஆண்தான் பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். என் சினேகிதி தினமும் இரண்டு கணக்கும் சேர்த்தே அனுப்பினாள். “இன்னைக்கு வேழாம்பல் மாப்பிள்ளை பதினோரு தடவை வந்தாரு. நம்ம மாப்பிள்ளை ஒரு தடவை போன் பண்ணினாரு.” மாப்பிள்ளை நல்லவர்தான், துபாயில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் நான் சிரித்துவிட்டேன். மாசியில் பேத்தி பிறந்தாள். பங்குனிக் கடைசியில் பொந்து உடைந்தது.

எல்லாம் சிரிப்பில்லை. 2020-ல் சாவடியை அடைத்தபோது அவள் அம்மா இறந்துபோனார்கள். எனக்கும் சோறு போட்ட கை. பாஸ் கிடைக்கவில்லை, போக முடியவில்லை. பதினாறாம் நாள் அவளிடமிருந்து ஒரே வரிதான் வந்தது, “அம்மா வச்ச பிச்சி பூத்திருக்கு.” பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் என் பிச்சியும் பூத்திருக்கிறது என்று சொன்னேன். பொய். என் கொடியில் அன்று இலைதான் இருந்தது.

பன்றிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்குச் செய்தியாகவே படலாம். அவளுடைய மரச்சீனிக் கிழங்கையும் என்னுடைய சேம்பையும் காட்டுப்பன்றி ஒரே வாரத்தில் உழுதுவிட்டது. 2022 முதல் அங்கே சுட அனுமதி தருகிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இருக்கிறது. இங்கே 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். எந்தப் பக்கம் என்ன சட்டம் என்று பன்றிக்கு யாராவது கோட்டைவாசலில் எடுத்துச் சொன்னால் நல்லது. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் மலைதான், ஆக எனக்கு முதல் விதி. சேம்பை விட்டுவிட்டு மஞ்சள் போட்டிருக்கிறேன், அதை இதுவரை கிண்டவில்லை. காந்தாரியையும் தொடுவதில்லை. அந்தச் செடியை நான் நட்டதும் இல்லை, கொண்டைக்குருவி தின்று போட்ட விதையில் தானே முளைத்தது. பறவைக்கு அந்தக் காரம் உறைக்காதாம். கொடுத்து வைத்த நாக்கு.

நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையில் எல்லையோர ஊர்க்காரர்களுக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள். புளியரை, மேக்கரை, வடகரை, அந்தப் பக்கத்தில் தமிழ் வாசிக்கிற ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள், எல்லோரும் இரண்டு வரி எழுதட்டும். எந்தத் தேதியில் எது பூத்தது, எது வந்தது, எது வரவில்லை, யார் வீட்டில் யார் நடக்கத் தொடங்கினார்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் பார்க்கக் கேரளத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது எண்ணெய் வித்து, அவ்வளவுதான் என்று இருந்தோம். அவர்கள் நின்று பார்ப்பதைப் பார்த்துத்தான் நானும் ஒருநாள் இறங்கி நின்று பார்த்தேன்.

பொழுதுபோக்காக மட்டும் கேட்கவில்லை. என் சமையலறைக் காலண்டர்களை 2009-லிருந்து தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், அவளும் அப்படியே. ஆறுமணிக் குருவி வந்த நாளில் இருவரும் வட்டம் போடுவோம். வெயில் காலத்தை இமயமலை அடிவாரத்திலும் வட நாட்டிலும் குஞ்சு பொரித்துக் கழித்துவிட்டு, குளிருக்கு இங்கே வருகிற சின்னப் பறவை அது. பச்சை முதுகு, வாலுக்கு அடியில் சிவப்பு, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை. மலையாளத்தில் காவி. பறந்து வந்த களைப்பில் சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். 2016-ல் ஒன்று என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. முறத்தைக் கவிழ்த்து மூடி, சாயங்காலம் பலாமரத்தடியில் விட்டேன். என் வட்டங்கள் புரட்டாசிக் கடைசிக்கும் ஐப்பசி ஐந்துக்கும் நடுவில் விழுகின்றன. அவளுடையவை எப்போதும் இரண்டு நாள் முந்தி. அவள் காதில் கோளாறா, குருவிக்குக் கேரளம்தான் பிடிக்குமா என்று இன்னும் தீரவில்லை. பத்து வீட்டுக் காலண்டர் உங்கள் பக்கத்தில் சேர்ந்தால் இந்த வழக்கு முடியும்.

இன்று ஐப்பசி மூன்று. நேற்றே வந்துவிட்டது என்று குரல் அனுப்பியிருக்கிறாள். பின்னணியில் சீழ்க்கை மாதிரி ஒன்று கேட்கத்தான் செய்கிறது, ஆனால் அது அவள் வீட்டுக் குக்கராகவும் இருக்கலாம். என் பலாமரத்தடி இன்னும் சத்தமில்லாமல் கிடக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
புளியரை.