சக்கரம் இருக்கிறது, மண் இருக்கிறது, கில்ன் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

செராமிக் கலைஞர்களுக்கு இப்போது நிறைய வாய்ப்புகள் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்காட்சி, வெளிநாட்டில் மூன்று மாதம் தங்கி வேலை செய்வது, ஆன்லைன் விற்பனை எல்லாம் இருந்தது. எதுவும் பொய்யில்லை. ஆனால் செய்த சாமானைச் சுட்டெடுக்கும் உலை, அதாவது கில்ன் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. சமையலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அடுப்பை மறந்த மாதிரி இருந்தது.

நான் விருத்தாசலத்துக்காரி. எங்கள் ஊருக்கு செராமிக் புதுசில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே வெள்ளைக் களிமண்ணும் வரும். பக்கத்திலேயே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அதற்கென்றே ஒரு பயிலகமும் இருக்கிறது. அங்கே டிப்ளமோ முடித்தேன். அப்புறம் புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை. 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று அந்த வட்டாரத்தில் சக்கரம் சுற்றும் வீடுகள் நிறைய. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது வீட்டுக் கூடத்தில் ஒரு சக்கரம், பரணில் பலகைகள். கில்ன் மட்டும் இல்லை.

பக்கத்து ஊர்க் குயவர் சூளையில் வேக வைக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பெரியவர் தங்கமானவர், இடமும் கொடுப்பார். ஆனால் விறகும் வைக்கோலும் போட்டு மூடும் சூளையின் சூடு பானைக்கும் அகலுக்கும்தான் சரி. நான் செய்வது ஸ்டோன்வேர், கல் மாதிரி கெட்டியாக வேகிற வகை. அதன் மேல் பூசும் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகப் படிய 1,250 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டை அவர் சூளையிடம் கேட்பது அநியாயம்.

அதனால் பஸ். முதல் தடவை நாற்பது காபி டம்ளரைக் காய வைத்து, காய்கறி க்ரேட்டில் மரத்தூள் பரப்பி, பழைய புடவையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினேன். கண்டக்டர் "என்னம்மா, முட்டையா?" என்றார். "அதைவிட மோசம்ண்ணே" என்றேன். வடலூரில் ஒரு வேகத்தடை, குறிஞ்சிப்பாடி தாண்டி இன்னொன்று. கடலூரில் வண்டி மாறும்போதே க்ரேட்டுக்குள் சத்தம் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பிரித்தால் இருபத்தேழுதான் முழுசு. சுடாத டம்ளர் உடைந்தால் பதறவும் வேண்டியதில்லை, வாளித் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி களிமண்தான். மண் நஷ்டமில்லை. இரண்டு வார வேலைதான் போச்சு.

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியில் செராமிக் பட்டறை இருப்பது எனக்கும் தெரியும். நல்ல விஷயம். ஆனால் கடலூர் போய்ச் சேருவதற்குள்ளேயே உடைகிற சாமானை சென்னைக்கு எப்படிக் கொண்டுபோவது?

உதவித் திட்டங்களையும் விடவில்லை. ஓர் அலுவலகத்தில் "நீங்க குயவரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்போ கலைஞரா? அதுக்கு சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். டிப்ளமோவை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு "இது டெக்னிக்கல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு வாய்ப்புகளுக்கோ, என் கலைநோக்கை ஆங்கிலத்தில் முந்நூறு வார்த்தையில் எழுத வேண்டுமாம். டம்ளர் உதட்டில் பட்டால் உறுத்தக்கூடாது, அதுதான் என் நோக்கம். அதை எப்படி முந்நூறு வார்த்தைக்கு இழுப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

கில்ன் இல்லாத கஷ்டம் என்னோடு நிற்பதில்லை என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஒரு ஊராட்சித் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்குக் களிமண் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஆளுக்கு ஒரு ஓடு. ஆடு, முந்திரிப்பழம், கபடி ஆடும் கால்கள் என்று வந்தன. ஒரு பையன் ஜேசிபி செய்தான். மண் அள்ளும் வாய் கட்டைவிரல் தடிமனில் துருத்திக்கொண்டு நின்றது. இது பிப்ரவரியில். தொழிற்பேட்டையில் தெரிந்த ஒருவர், ஆர்டர் முடியட்டும், கில்னில் இடம் தருகிறேன் என்றார். அவர் பிழைப்பை அவர் பார்க்க வேண்டாமா? ஆர்டர் முடிந்தபோது ஜூன். பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

கில்னைத் திறந்தபோது ஜேசிபி வெடித்திருந்தது. தடித்த மண் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். சூடு ஏறும்போது அது ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். பக்கத்தில் இருந்த இரண்டு ஆடுகளும் காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு, கை கழுவும் குழாய்க்கு மேலே ஓடுகளைப் பதித்தோம். அந்தப் பையன் உடைந்த துண்டுகளைத் தானே சிமென்ட்டில் ஒட்டிவிட்டு, "ரிப்பேர்ல நிக்குது டீச்சர்" என்றான். நான்கு மழைக்காலம் ஆயிற்று. எதிர்ச் சுவரில் பெயின்டில் எழுதிய திருக்குறள் பாதி உதிர்ந்துவிட்டது. ஓட்டின் நிறம் அப்படியே இருக்கிறது. பள்ளிச் சுவருக்கும் பஸ் நிலையத்துக்கும் வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1990-இல் ஒரு பள்ளியில் கிண்ணம் செய்து, அதில் சூப் ஊற்றிக் கொடுத்து, வந்த பணத்தைப் பசித்தவர்களுக்கு அனுப்பினார்கள். கிண்ணத்தை வந்தவர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. படித்ததும் எனக்கு ஆடிக்கூழ்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் மறுநாள் காலை சாக்கடை முழுக்கப் பேப்பர் கப். இருநூறு கிண்ணம் செய்வதாகக் கோயில்காரர்களிடம் சொல்லிவிட்டேன். சுட முடிந்தது நாற்பத்தாறு. அதையும் சண்டை போட்டு வாங்கிப் போனார்கள். ஒரு பாட்டி மட்டும் திருப்பிக் கொண்டுவந்து, "அடி கனமா இருக்கு, கூழ் கொஞ்சமாத்தான் புடிக்குது" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த தடவை அடியை இழைத்துவிட்டேன்.

2018-இல் ஜெய்ப்பூரில் முதல் இந்திய செராமிக் டிரியென்னாலே என்ற பெரிய கண்காட்சி நடந்தது. அப்படி நம் பக்கமும் நடக்கட்டும், சந்தோஷம். நான் கேட்பது அதைவிடச் சின்னது. விருத்தாசலத்தில் ஒரே ஒரு பொது கில்ன். நடுத்தர அளவு, கேஸில் எரிவது. தீ வைக்கத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம். ஷெல்ஃபுக்கு இவ்வளவு என்று வாடகை. மாதத்தில் எந்தெந்த நாள் தீ என்று கதவில் ஒரு தாள். பயிலகத்தில் முடித்துவிட்டு டைல்ஸ் கடையில் பில் போடும் பிள்ளைகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், கிளேஸ் பழக ஆசைப்படும் குயவர் வீட்டுப் பையன்கள் எல்லோரும் வருவார்கள். குயவர்களுக்கு அரசு மின்சக்கரம் கொடுக்கிறது. ஏரி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் ஆக்கிவிட்டார்கள். செய்ததைச் சுடும் இடத்துக்குத்தான் யாரும் வரவில்லை.

புதிதாக வாங்கக்கூட வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே நல்ல கில்ன் ஒன்று நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாகப் பழைய விடைத்தாள். பத்திரமான இடம் என்று வைத்திருக்கிறார்களாம். கரையான் வராது, அது வாஸ்தவம்தான்.

என் பரணில் இப்போது எழுபது கிண்ணம் சுடாமல் இருக்கிறது. எலி ஒரு ஓட்டம் ஓடினால் தீர்ந்தது. ஆடிக்கு முன்னால் யாரிடமாவது இரண்டு ஷெல்ஃப் காலியானால் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டோ வாடகை என்னுடையது.

இப்படிக்கு,
வாசகி,
விருத்தாசலம்.