எட்ட நிற்பதற்குத்தான் அந்த நாலு கிலோ

பாளையங்கோட்டை,
மார்ச் 9.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியது, நீ வீடு மாறியது எல்லாம் தெரிந்துகொண்டேன். மதினிக்கு மூட்டுவலி இப்போது தேவலையா? இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை மறுபடி வரி விடாமல் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். கூந்தன்குளத்தில் நாரை தெருமரத்திலேயே கூடு கட்டுகிறதே, செல்போனில் எடுத்தால் போதாதா, இந்த வயசில் நாலு கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு எதுக்குலே அலையுதே என்று. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

தெருவைப் பொறுத்தவரை நீ சொல்வது சரிதான். மஞ்சள்மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்தில் குஞ்சு பொரிக்கிறது. எச்சம் முற்றத்தில் விழுகிறது, ஒருவரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வேட்டு கிடையாது. எச்சம் ஊறிய வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். 1994இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும், 2022இல் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் பிறகு நடந்தவை. ஊர்க்காரர்கள் அதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அந்த மரத்துப் பறவைகளுக்கு மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பழக்கம். அங்கே என் லென்ஸுக்கு வேலையே இல்லை. எடுத்துப் பார்த்தால் அலகு மட்டும்தான் படத்துக்குள் நிற்கும்.

குளத்துக்குள் நிற்கிற உடைமரங்கள் அப்படியில்லை. அங்கே சுற்றிலும் தண்ணீர் இருக்கிற தைரியத்தில்தான் பறவை கூடு கட்டுகிறது. மனுசக் காலடி கேட்டுப் பழகியதே இல்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால் என்னிடம் 300 மி.மீ. லென்ஸ்தான் இருந்தது. தண்ணீர் வற்றி ஓரத்து மரங்கள் சேற்றில் நின்ற சமயம். கரையை விட்டு இறங்கக் கூடாது என்று தெரிந்தும் இறங்கினேன். காலை பதினொரு மணி இருக்கும். கூட்டில் ஒரு நாரை வெயிலுக்கு முதுகு காட்டி, இரண்டு இறக்கையையும் குடை மாதிரி விரித்து நின்றது. அந்த நிழலில் குஞ்சுகள். இன்னும் நாலு எட்டு வைத்தால் படம் நிறைந்துவிடும் என்று வைத்தேன். எழும்பிப் போய்விட்டது. திரும்ப ஓடிக் கரையேறி லென்ஸ் வழியாகப் பார்த்தால், குஞ்சுகள் செத்ததுபோலக் கூட்டோடு படுத்துக் கிடந்தன. ஒன்று தின்ற மீனைக் கக்கியிருந்தது. பயந்தால் அப்படித்தான் செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. உச்சி வெயில் நேராக அவற்றின் மேலே. பக்கத்துக் கிளையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தாய் திரும்பி வர பதினான்கு நிமிசம் ஆயிற்று. வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன் சண்முகம். அன்றைக்கு எடுத்த எந்தப் படத்தையும் நான் யாருக்கும் காட்டியதில்லை.

அந்த வருசமே பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஒருவர் உபயோகித்த 500 மி.மீ. எஃப்/4 லென்ஸை வாங்கினேன். 3.87 கிலோ. கணக்கு ரொம்ப எளிது: 300இல் 12 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிற அளவு படத்தை 500இல் 20 மீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம். லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்குகிற எக்ஸ்டெண்டரை நடுவில் மாட்டினால் 28 மீட்டர். வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, போகும், போகட்டும். பெரிய லென்ஸ் பறவையைக் கிட்டத்தில் கொண்டுவருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் காசு கொடுத்தது அந்தக் கூடுதல் எட்டு மீட்டருக்கு, பதினாறு மீட்டருக்கு. நாலு கிலோவைச் சுமப்பது அதற்காகத்தான்.

சுமப்பதும் பழகிவிட்டது. கேமராவைப் பிடித்துத் தூக்கினால் லென்ஸ் மாட்டுகிற இடம் தாங்காது, லென்ஸின் அடிக்காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பழைய பேன்ட் காலை வெட்டி, இரண்டு கிலோ கொள்ளு நிரப்பித் தைத்து வைத்திருக்கிறேன். கரையில் கிடக்கிற கல் மேல் அதைப் போட்டு லென்ஸைப் படுக்கவைத்தால் பூனைக்குட்டி மாதிரி பதிந்து கிடக்கும். கையில் வைத்து எடுப்பது பறக்கும்போது மட்டும்தான். அதுவும் இரண்டு நிமிசத்துக்கு மேல் தோள் கேட்காது. இருபது மீட்டரில் எஃப்/4இல், அதாவது லென்ஸை முழுசாகத் திறந்துவைத்து, எடுத்தால் ஒரு முழத்துக்குள்தான் தெளிவு. கண்ணில் ஃபோகஸ் வைக்காமல் நெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வருந்திய நாட்கள் உண்டு.

வெள்ளன நாலரைக்குக் கிளம்பிவிடுவேன். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. விடியும்போது கரையில் இருந்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். அதற்கப்புறம் கானல் எழும்பிவிடும். கானலுக்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. பறவையின் ஓரமெல்லாம் தண்ணீரில் கரைகிற மாதிரி நெளியும்.

போன ஞாயிறு மடைப் பக்கம் ஒரு நாரை மேய்ந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, பாதி திறந்த அலகை உள்ளே விட்டு, களை கொத்துகிறவர்கள் கை போவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே போகிறது. மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் ஏதாவது தட்டினால் போதும், டக்கென்று மூடிவிடும். 1/2000 நொடி வேகத்தில் எடுத்தேன். மூடிய அலகின் நுனியில் குறுக்காக ஒரு கெண்டைக்குஞ்சு, அதன் வாலிலிருந்து விழுகிற ஒற்றைச் சொட்டு. சொட்டுக்குள் வெயில் தெரிகிறது.

வரித்தலை வாத்துகளும் இன்னும் இருக்கின்றன. ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்து நடுவே கழுத்தை மடக்கி ஓய்வெடுக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு, விபூதிப் பட்டை போட்டதுபோல. இனி இமயத்தைத் தாண்டித் திரும்ப வேண்டியவை அவை. உடம்பில் சேர்க்கிற கொழுப்பெல்லாம் அந்த வழிச்செலவுக்கு. அன்றைக்கு வேனில் வந்த சிலர், பறக்கிற படம் வேண்டுமென்று கரையில் நின்று கைதட்டினார்கள். கூட்டம் மொத்தமும் எழும்பிற்று. எனக்கு அடிவயிறு எரிந்தது. போய்ச் சொன்னேன். இரண்டு பேர் முறைத்தார்கள், ஒரு பையன் மட்டும் என் லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இதுங்க தூங்குது” என்றான். அவனுக்கு அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தேன்.

தைப்பூசத்துக்கு நாம் திருப்புடைமருதூர் போய்க் குளிப்போமே, அந்தக் கோயிலடி மருத மரங்களை 2005இல் பறவைகளுக்கான காப்பகமாக்கினார்கள். ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்கிற அந்த வகையில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. அடுத்த சீசனில் அங்கே போகலாமென்று இருக்கிறேன்.

அப்புறம், இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அதே ஞாயிறு, ஒன்பதரை மணிக்குக் கரையிலிருந்து எடுத்தது. கானல் தொடங்கிவிட்டதால் கூர்மை குறைவு, குறை சொல்லாதே. இறக்கை விரித்து நிற்கிற நாரை, அடியில் மூன்று குஞ்சு. ஒன்று வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஒரு மணி நேரம் இருந்தேன், தாய் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

பங்குனி முடிவதற்குள் மதினியையும் கூட்டிக்கொண்டு வா. வாத்துகள் கிளம்பிவிடும். உன் பைனாகுலரை மறக்காதே. வெள்ளைச் சட்டை வேண்டாம், மண் நிறத்தில் ஏதாவது இருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
நெல்லையப்பன்