அறுபட்ட நரம்பு வளரும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் இத்தாலிய நரம்பியல் அறிஞர் ரீட்டா லெவி-மோன்டால்சினியின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும், ஒருமுறை அறுபட்ட நரம்பு மீண்டும் வளராது என்ற பொருளில் அதில் வந்த ஒரு வரி என்னை வருத்தியது. லேத் பட்டறைகளும் பிரஸ் பட்டறைகளும் துறைமுகமும் சூழ்ந்த வடசென்னையில், கையில் வெட்டுப்பட்டவர்கள் பலர் அந்த வரியைப் படித்திருப்பார்கள்.

மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பிழைகள் தாமாக வளர்ந்து சேர்வதில்லை என்பது உண்மைதான். ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹால் நூறாண்டுக்கு முன்பே அதை விரிவாக எழுதிவிட்டார். கை, கால் நரம்புகளின் நிலை வேறு. அங்கே வெட்டுக்கு அப்பால் உள்ள இழை அழிந்தாலும், அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் பிழைத்திருந்து, சிதைவை அகற்ற உதவி, வரிசையாக நின்று பாதை அமைக்கின்றன. அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் புதிய இழையை அப்பாதையில் வளரச் செய்கின்றன. அத்தகைய காரணிகளுள் முதலில் கண்டறியப்பட்டதுதான் லெவி-மோன்டால்சினியின் நரம்பு வளர்ச்சிக் காரணி.

கட்டுரை அவர் 1986இல் பெற்ற நோபல் பரிசைப் பற்றியே அதிகம் பேசியது. அதற்கு முந்தைய ஆண்டுகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதரான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கியபோது, அவர் டூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழிக்கருக்களை ஆராய்ந்தார். கருவில் கை கால் அரும்பும் பகுதியை அகற்றிவிட்டால் அதற்குரிய நரம்பணுக்கள் தோன்றாமல் போவதில்லை, தோன்றி வளர்ந்த பின் ஆதரவின்றி மடிகின்றன என்று அவர் கண்டார். போர் முடிந்தபின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கருவியல் அறிஞர் விக்டர் ஹாம்பர்கருடன் இணைந்து உழைத்தார். 1952இல் ரியோ டி ஜெனீரோவில், எலியின் புற்றுக்கட்டித் துணுக்கு ஒன்றின் அருகே வளர்த்த நரம்பணுத் திரளிலிருந்து இழைகள் சூரியக் கதிர்களைப் போல விரிந்ததைக் கண்டார். இழைகளை அப்படி வளரச் செய்த பொருளான நரம்பு வளர்ச்சிக் காரணியை உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் பாம்பு நஞ்சிலும் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்டெடுத்துப் பிரித்தார். அதுவே 2018இல், கருவிழி நரம்புக் குறைபாட்டுக்கான சொட்டு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகன். தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றில் தகடு சரிந்து அவன் மணிக்கட்டின் நரம்பு அறுந்தது. அன்றிரவே தையல் போட்டுவிட்டார்கள். ஆனால் உணர்வு திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதமாகியும் விரல் மரத்தே கிடந்ததால், இனி வளராது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிட்டான். சூடான தேநீர்க் குவளையைப் பிடித்து விரல் கொப்பளித்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. முதல் சில வாரங்களுக்குப் பின் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் என்றும், ஆகவே ஆறு மாதத்துக்கு மேலாகும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே அவன் திரும்பச் சென்றான். உள்ளங்கையில் தட்டினால் கரண்ட் அடித்தது போல விரலுக்கு ஓடுவதைக் கண்டு பயந்திருந்தான். வளரும் இழையின் முனை அதுவரை வந்துவிட்டதற்கான அறிகுறி அது என்பதை, முதல் உலகப் போரில் காயமுற்றவர்களைப் பார்த்து 1915இல் பிரெஞ்சு மருத்துவர் டினெல் எழுதியிருக்கிறார்.

நம் பேச்சில் இரத்தக் குழாயையும் தசைநாணையும்கூட நரம்பு என்றே சொல்கிறோம். ஆகவே இப்பொருளைப் பற்றி எழுதும்போது எந்த நரம்பு, எந்த இடத்து நரம்பு என்று தெளிவாகக் குறிப்பிடுவது அவசியம். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி மருத்துவமனை நம் பகுதியிலேயே இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் ஒருவரைக் கொண்டு, கையில் வெட்டுப்பட்டவர்கள் படிக்கும் வகையில் ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டும். அதுவரை, அந்த ஒரு வரிக்கான திருத்தத்தையாவது அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.