ஹெட்லைட் மங்கவில்லை, மாப்ளே

நார்ஸ்மன், மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ வாக்கர் இல்லாமலே பட்டறை வரைக்கும் நடந்துவிட்டாய் என்று தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தாள். நடந்தது சரி, அங்கே போய் எந்த லாரிக்கு அடியிலாவது குனிந்து பார்த்தானா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

நாங்கள் உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் வீட்டு வண்டியை (மோட்டார்ஹோம்) எடுத்துக்கொண்டு அடிலெய்டிலிருந்து கிளம்பி இன்றோடு பன்னிரண்டு நாள். பெர்த்தில் மகள் வீட்டுக்குத்தான் போகிறோம். ஃப்ளைட்டில் போனால் மூன்றரை மணி நேரம், ஏன் இந்த வேலை என்று அவளும் கேட்டுவிட்டாள். வழியில் வரும் சேடுனா ஊரிலிருந்து இந்த நார்ஸ்மன் வரைக்கும் 1,200 கிலோமீட்டர், நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. டீசல் பங்க், நாலு ரூம், ஒரு சாப்பாட்டுக் கடை சேர்ந்து ரோட்ஹவுஸ் என்று ஒன்று வரும். அதுதான் ஊர். ஹெட் ஆஃப் பைட்டில் மலை விளிம்பிலிருந்து கீழே கடலைப் பார்த்தால் திமிங்கலம் குட்டியோடு மிதக்கிறது. மாநில எல்லையில் காய், பழம், தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். எலுமிச்சம்பழத்தோடு கறிவேப்பிலையும் போயிற்று. உன் அண்ணி இரண்டு நாள் ரசத்தைத் தாளிக்கும்போதெல்லாம் அந்த ஆபீசரைத்தான் தாளித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுத வந்தது வேறு. வண்டி நின்றுவிட்டது. நின்ற இடத்தைக் கேள். கைகுனா ரோட்ஹவுஸைத் தாண்டினால் பாலடோனியா பக்கமாக 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவு கிடையாது. நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அதன் நடுவில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் ராத்திரி படுத்தோம். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. காலையில் நல்ல குளிர். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் லைட் அணைந்ததும் சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக்.

"உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, லைட் எரிகிறது, பேட்டரி எப்படிப் போகும்?" என்றாள் உன் அண்ணி. அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் இந்த வண்டிகளில் பேட்டரி இரண்டு. எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கூரையில் இருக்கும் சோலார் வீட்டு பேட்டரிக்கு மட்டும்தான். எஞ்சின் ஓடும்போது நடுவில் ஒரு ரிலே இரண்டையும் சேர்த்துவிடும், நின்றதும் பிரித்துவிடும். அதனால் உள்ளே விளக்கு எரிவதை வைத்து எஞ்சின் பேட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இதை அவளுக்குப் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கிவிட்டு, எஞ்சின் பேட்டரிதான் இறங்கிவிட்டது என்று நானே முடிவும் கட்டிவிட்டேன். வீட்டு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டேன். டக். பக்கத்தில் கேரவனோடு நின்ற ஒரு பெரியவர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அவர் பேட்டரியையும் கொடுத்தார். அப்போதும் டக். ஐந்து டன் வண்டி, தள்ளுவதற்கு மூன்று கிழம். சங்ககிரி பைபாஸில் எட்டுப் பேர் தள்ளியதெல்லாம் ஞாபகம் வந்தது, வேறென்ன.

நாலைந்து தடவை அடித்ததில் பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி ஒரு வாசனை. அவள்தான் முதலில் பிடித்தாள். நான் பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். டீ போட்டுக் குடித்தோம். அப்போதுதான் நீ வந்தாய்.

ஐடிஐ முடித்த புதிதில் உன் மாமா பட்டறையில் ராத்திரி டார்ச் பிடிப்பேனே, அங்கே நீ சொல்வது: "முதல்ல ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிடா. லைட் செத்தா பேட்டரி. லைட் நின்னா கரண்ட் செல்ஃபுக்கே போகலை." இதைப் போய் மறந்திருக்கிறேன் பார். அவளை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு லைட்டைப் போட்டு சாவியைத் திருப்பினேன். "அப்படியே எரியுது" என்றாள். மங்கவே இல்லை.

மீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 12.3. பேட்டரி செத்திருந்தால் அந்த நேரத்தில் பத்துக்கும் கீழே விழுந்திருக்க வேண்டும். நல்ல பேட்டரியாகவே இருந்தாலும் இந்தக் குளிரில் ஆறு சிலிண்டர் டீசலைச் சுற்றினால் பதினொன்றுக்காவது வரும். இது அசையவே இல்லை என்றால் அதிலிருந்து யாரும் கரண்டை எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம். இரண்டு மணி நேரமாக நிறைந்த பானையில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்தது உன் கைவைத்தியம். ஒருத்தர் செல்ஃப் அடித்து விட்டதும் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுக்கொண்டே போவாய், எங்கே சுடுகிறதோ அங்கேதான் கோளாறு என்பாய். நானும் தொட்டேன். பேட்டரி டெர்மினல் இரண்டும் ஜில்லென்று இருந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளும் அப்படியே. எதிலும் சூடு இல்லையே என்று கையை எடுக்கும்போது புறங்கை ஆக்சிலேட்டர் கேபிளில் பட்டது. சுரீர் என்றது.

ஆக்சிலேட்டர் கேபிள் ஏன் சுட வேண்டும்? கரண்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உனக்கு இந்த வரியிலேயே புரிந்திருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் அதற்கும் கரண்ட் திரும்ப, செம்புப் பின்னலான எர்த் பட்டை ஒன்றுதான் வழி. அந்த வழி அடைத்துவிட்டால் திரும்புகிற கரண்ட் கிடைத்த சந்தில் புகும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்புக் கம்பி அந்தக் கேபிள்தான். கருகின வாசனையும் அதன் உறைதான். ஹெட்லைட்டுக்கு எர்த் சேசிஸில் இருப்பதால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் குத்தினேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்கூட வரக்கூடாத இடத்தில் 8 தாண்டியது.

ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராகப் பிளாக்குக்குப் போட்டேன். ஒரே சுற்று மாப்ளே. புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது பார், அந்தக் கேரவன்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

உடனே அணைத்துவிட்டேன். கிளிப் போட்ட கேபிளோடு ஓட்ட முடியாது, எங்கேயாவது ஃபேனில் மாட்டும். அடியில் படுத்து எர்த் பட்டையைக் கழற்றினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கையில் வைத்து மடக்கினால் பச்சைப் பொடியாக உதிர்கிறது. நாங்கள் போகிற இடமெல்லாம் கடற்கரை ஓரம்தானே, பின்னல் செம்புக்குள் உப்பு ஏறித் தின்றிருக்கிறது. குளிர் இல்லாத நாட்களில் மிச்சமிருந்த நாலு இழையை வைத்து ஓட்டியிருக்கிறது. ஆயில் கெட்டிப்பட்ட காலையில் அதுவும் போயிற்று. என் புது ஜம்பர் கேபிளை இரண்டாக அறுத்து, இரட்டையாகச் சேர்த்து, சேசிஸ் பக்கம் உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து முடுக்கினேன். "புதுசாச்சே, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லையே" என்றாள் அண்ணி. இங்கே வந்ததும் ஒரு பட்டறையில் வெல்டிங் கேபிளுக்கு லக் அழுத்தி முறையாக ஒன்று செய்து வாங்கிவிட்டேன்.

பாலடோனியா போகிற வரைக்கும் அணைக்கவில்லை. அங்கே டீக்கு நிறுத்தினோம், இன்னொரு அதிசயம். 1979 ஜூலையில் அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் ஊரே நடுங்கிக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் படுத்தாய், கேட்டால் இல்லை என்பாய். அது கடைசியில் விழுந்தது இந்தப் பக்கம்தான். அதைப் பற்றி ரோட்ஹவுஸிலேயே ஒரு சின்ன மியூசியம் வைத்திருக்கிறார்கள். இங்கே தெற்கே எஸ்பரன்ஸ் ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியதாம். அங்கே இருந்த தகட்டைப் பார்த்ததும் உன் கட்டில்தான் கண்ணில் வந்தது.

புதுப் புகை விதிப்படி செய்த பிஎஸ்6 லாரி வந்ததிலிருந்து லேப்டாப் மாட்டாமல் ஒன்றும் தெரிவதில்லை, கை வைத்தியத்துக்கு மரியாதை போயிற்று என்று போன தடவை எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதை. புது வீட்டு வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் தெரியவில்லை என்றால்கூட எஞ்சின் எழாது. நான் இருபது வருஷப் பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலைத் தேடி வாங்கினதற்குக் காரணமே அதுதான். உன் மகன் சொல்வதும் தப்பில்லை, ஸ்கேனர் வாங்கட்டும். ஆனால் ஸ்கேனர் மாட்டினாலும் இந்த எர்த் பட்டையை அது காட்டியிருக்காது என்று அவனிடம் சொல்லு. நான் சொன்னதாகவே சொல்லு.

சரி, ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளின் உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகியிருக்கிறது. பெடல் பாதி வரைக்கும் நன்றாக இறங்குகிறது, அப்புறம் லேசாகப் பிடிக்கிறது, விட்டால் திரும்பி வந்துவிடுகிறது. புதுக் கேபிள் இந்த ஊரில் கிடைக்காது, வரவழைக்க நாலு நாள் ஆகுமாம். பெர்த்துக்கு இன்னும் 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா, இல்லை இங்கேயே படுத்துவிடவா? அண்ணி படு என்கிறாள். நீ சொல்வதைப் பார்த்துவிட்டுத்தான் நாளைக்குச் சாவியைத் தொடுவேன். தங்கச்சி போனிலிருந்தாவது ஒரு வரி போடு.

உன்,
டார்ச் பிடிக்கிறவன்