நிலை எண்ணைக் கேட்காதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மடிக்கணினி வந்ததிலிருந்து தலைக்காயத்தால் குறைந்த நினைவாற்றலுக்கான கணினிப் பயிற்சியில் உன் தம்பி நாள் தவறாமல் உட்காருகிறான். நீயும் நாள் தவறாமல் "இன்று எத்தனையாவது நிலை?" என்று கேட்கிறாய். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். அந்த வரிசையை அவன் கடைசிக் கட்டத்தில் தொடங்கி முதல் கட்டம் வரை தொட்டுக்காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் அடுத்த முறை ஒரு கட்டம் கூடும், தவறினால் குறையும். முடியும், முடியாது என்ற விளிம்பிலேயே ஆளை வைத்திருப்பதுதான் இதன் சூட்சுமம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டோர்கெல் கிளிங்பெர்க் உருவாக்கிய காக்மெட் பயிற்சியும் இந்த வகைதான். வாரத்துக்கு 5 நாள், 5 வாரம், 25 அமர்வு என்பது அதன் வழக்கமான கணக்கு.

நிலை ஏறுகிறது, மறுக்கவில்லை. கட்டங்களைத் தொடுவதில் கெட்டிக்காரனாகிவிட்டான். ஆனால் "கதவைப் பூட்டு, மாத்திரையைப் போடு, அக்காவுக்குப் பதில் எழுது" என்று சேர்த்துச் சொன்னால் கதவோடு நின்றுவிடுகிறான். ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். பயின்ற விளையாட்டிலும் அதைப் போன்றவற்றிலும் முன்னேற்றம் தெரிகிறது. படிப்புக்கும் அன்றாட வேலைக்கும் அது தானாக வந்து சேர்வதில்லை. தன் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் தலைக்காயத்தின் பாதிப்பையே குறைக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், அதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்ததால் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. விளம்பரத்தை நம்பி ஏமாறுவது நம்மைப் போன்ற வீடுகள்தானே!

அதற்காகப் பயிற்சியை நிறுத்தப்போவதில்லை. தானாக உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடிக்கிறான் என்பதே எனக்குப் பெரிது. களைப்புதான் கவலை. அரை மணி ஆவதற்குள் இடது புருவத்தைத் தேய்க்கத் தொடங்குவான். பிறகு திரையைச் சரியாகப் பார்க்காமலே விரல் தட்டும். மூளைக் காயத்தின் களைப்பு சோம்பல் இல்லை, அதட்டிப் போக்க முடியாது. அப்போதும் அவன் எழுவதில்லை. "அக்கா கேட்பாள்" என்கிறான்.

சிகிச்சை தருபவர் ஒரு வழி சொன்னார். திரையில் வரிசையை மனத்துக்குள் சொல்லிச்சொல்லிப் பிடிக்கிறான் அல்லவா, அதே உத்தியை மூன்று வேலைகளுக்கும் பழக்கச் சொன்னார். வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். இப்போது மாத்திரை வரை வந்திருக்கிறான். மறந்தாலும் கைகொடுக்கட்டும் என்று கைபேசியில் நினைவூட்டலும் வைத்திருக்கிறோம். அதை வைத்தது அவனேதான், நான் தொடவில்லை.

ஆகவே நிலை எண்ணைக் கேட்காதே. காலையில் கூப்பிடு, மாலையில் அவன் ஓய்ந்துபோகிறான். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். பதில் வரும் வரை அடுத்ததற்குப் போகாதே. இடையில் நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன், நீயும் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா